ஆபீசருக்கு முப்பது நாள்

பிப்ரவரி 6, வெள்ளி

இன்று ஐம்பத்தெட்டு பார்சல். ஒன்பது வீட்டில் நாய். ஒன்பது வீட்டிலும் ஒரே வசனம்: "ஒண்ணும் பண்ணாது, வாங்க." ஒண்ணும் பண்ணாதென்றால் ஏன் கேட்டுக்குப் பின்னால் நின்று பல்லைக் காட்டுகிறது என்று நான் கேட்பதில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்தால் எங்கள் கதவில் கடிதம். பசை தடவி ஒட்டியிருக்கிறார்கள். இழுத்தால் பெயிண்டும் சேர்ந்து வருகிறது. மூன்றாம் மாடி கடைசி வீட்டு நாய் கதவருகில் ஓயாமல் குரைப்பதாகப் புகார். முப்பது நாளுக்குள் குரைப்பு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நாய் வெளியேற வேண்டும், நாய் வெளியேறாவிட்டால் நாங்கள். மார்ச் 8 ஞாயிறு காலை நேரில் வந்து சோதிப்பார்களாம். கீழே குடியிருப்போர் சங்கச் செயலாளரின் கையெழுத்து, அரைப் பக்கத்துக்கு.

படித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஆபீசர் ஆரம்பித்துவிட்டான். நாலு வருஷமாக என் கையால் சாப்பிடுகிறவன். என் காலடி தெரியாதா? ஆனாலும் விசாரணை உண்டு. யார் நீ, எங்கிருந்து வருகிறாய், யாரைப் பார்க்கணும். அதனால்தான் அம்மா அவனுக்கு ஆபீசர் என்று பெயர் வைத்தாள்.

அம்மா தையல் மெஷினிலிருந்து திரும்பிப் பார்த்தாள். கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு, "பசைய நல்லாத்தான் தடவியிருக்கான்" என்றாள். மறுபடி குனிந்து தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

பிப்ரவரி 7, சனி

வீட்டுக்காரர் காலையிலேயே போன். இந்த வீட்டில் அவர் ஒருநாள்கூட இருந்ததில்லை. வாடகை நாளுக்கும் புகார் நாளுக்கும் மட்டும் குரல் வரும். "நாயா வீடான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. எனக்கு சங்கத்தோட சண்டை வேணாம்."

அழைப்பு மணியைச் சரிசெய்து தரச் சொல்லி ஒரு வருஷமாகக் கேட்கிறோம். அது முடியாது. அதனால் வருகிறவர்கள் எல்லாரும் கதவைத் தட்டுகிறார்கள். தட்டினால் குரைக்கிறான். அம்மாவிடம் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் நாளுக்குப் பத்துப் பேர். ஜிப் போனது, கால்சட்டை நீளம் குறைப்பது, பள்ளிச் சீருடை, திரைச்சீலை.

நான் வேலைக்குப் போகிற பெரிய வீடுகளில் நாய் குரைத்தால் அதற்குப் பெயர் பாதுகாப்பு. போர்டு எழுதி மாட்டுகிறார்கள். எங்கள் மாடியில் குரைத்தால் தொந்தரவு. நாய் ஒன்றுதான். கதவு வேறு.

அம்மாவிடம் கோபமாகச் சொல்லிக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். "மூஞ்சியப் பாத்துப் பேசு. பாத்திரத்துகிட்ட பேசுற மாதிரி பேசாத" என்றாள். எப்போதும் இப்படித்தான். முதுகைக் காட்டிப் பேசினால் பிடிக்காது.

மறுபடி முகத்தைப் பார்த்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஆபீசர் எங்கயும் போக மாட்டான்" என்றாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

விடுமுறை. பயிற்சி முதல் நாள்.

நான் வெளியே போய்த் தட்டுவேன். அவன் குரைப்பான். உள்ளே வந்து "சும்மா இரு" என்று கத்துவேன். அவன் இன்னும் குரைப்பான். நாற்பது தடவை. போனில் ஒரு வீடியோவில் ஒருத்தர் சொல்கிறார்: நீங்கள் கத்தினால் நாய்க்கு அது கத்தலாகத் தெரியாது, நீங்களும் சேர்ந்து குரைக்கிறீர்கள் என்று சந்தோஷப்படும்.

அதாவது இன்று காலை முழுக்க நானும் அவனும் சேர்ந்து குரைத்திருக்கிறோம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

கதவருகில் பழைய சாக்கு ஒன்றை மடித்துப் போட்டு "இடம்" என்று சொல்லிப் பழக்குகிறேன். தட்டும் சத்தம் கேட்டால் அவன் சாக்கில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் கோழித் துண்டு. சாக்கைக் கடித்துக் குதறிவிட்டான்.

பிப்ரவரி 12, வியாழன்

பழகியவர் தட்டினால் பயிற்சி ஆகாதாம். வேற்று ஆள் வேண்டும். எங்கள் கிடங்கில் என்னோடு பார்சல் எடுக்கிற டவரைக் கூட்டிவந்தேன். ஆறடி நாலு அங்குலம். பார்சல் பையை மாட்டிக்கொண்டு படியேறினாலே ஏதோ கட்டடம் நகர்வது போலிருக்கும்.

முதல் தட்டுக்கே உள்ளே இடி இடித்த மாதிரி. டவர் நாலு படி கீழே போய் நின்றுகொண்டான். "உங்க நாய்க்கு நம்ம சட்டையப் பாத்தா ஆகாது போலிருக்கே. கதவு மூடியிருக்கும்போதே எப்படித் தெரியுது?"

"நம்ம சட்டையப் பாத்தா எந்த நாய்க்குத்தான் ஆகுது?" என்றேன்.

"உன் நாய்க்காவது ஆகணும். நீயும் அதே சட்டதான போட்டிருக்க."

சிரித்தோம். இருபத்தைந்து தடவை தட்டினான். இருபத்தைந்து தடவையும் குரைத்தான். அம்மா ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்து டவரைப் பார்த்துவிட்டுப் போனாள். "நீதானா, நீதானா" என்று அலுக்காமல். அது பயிற்சி என்று மூன்று தடவை சொல்லியும் எழுந்து வருகிறாள். இவளுக்கு யார் பயிற்சி கொடுப்பது?

பிப்ரவரி 13, வெள்ளி

புகார் கொடுத்தது யாரென்று தெரிந்துவிட்டது. எங்களுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில் இருக்கிற நர்ஸ்.

இறங்கிப் போய்த் தட்டினேன். வெகுநேரம் கழித்துத் திறந்தாள். நாற்பது வயது இருக்கும். சீருடைகூட மாற்றாமல் தூங்கியிருக்கிறாள், கன்னத்தில் தலையணை மடிப்பு. என்னென்ன கேட்க வேண்டும் என்று படியிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அதற்குள் அவள் சொன்னாள்:

"எட்டு மாசமா நைட் ஷிஃப்ட். பகல்லதான் தூங்கணும். மூணு மணி நேரம் சேந்தாப்புல தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா? நேத்து ஒரு பேஷண்டுக்குப் போட வேண்டிய ஊசிய பக்கத்துப் படுக்கைக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். போடல. கடைசி நிமிஷத்துல பாத்துட்டேன். போட்டிருந்தா?"

ஆள் குறைவு என்று எட்டு மாதம் ஒரே ஆளை இரவில் நிறுத்துகிற ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதமும் போகாது. கடிதம் எங்கள் கதவில் ஒட்டப்படுகிறது. நானும் அவளும் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு நிற்கிறோம்.

"இனிமே சங்கத்துக்கு எழுதாதீங்க சிஸ்டர், எனக்கு போன் பண்ணுங்க" என்று நம்பரை எழுதி நீட்டிவிட்டு வந்தேன். கொஞ்சம் திமிராகத்தான் நீட்டினேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

பிராணிகள் பொருள் விற்கிற கடையில் ஒரு கழுத்துப் பட்டை வாங்கினேன். குரைத்தால் ஷாக் அடிக்கும். "லேசாத்தான் இருக்கும், கூசும், அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர். முதலில் என் முன்கையில் கட்டிப் பார்த்தேன். கூசவில்லை. வலித்தது. ஆனாலும் அவன் கழுத்தில் மாட்டினேன். மூன்று வாரம்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மாட்டினேன்.

டவர் தட்டினான். ஆபீசர் ஒரு தடவை குரைத்தான். பிறகு வந்த சத்தம் குரைப்பில்லை. நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டான். அம்மாவின் மெஷினுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டான். டவர் ஒன்றும் தெரியாமல் வெளியிலிருந்து இன்னொரு தடவை தட்டிவிட்டான். அடியிலிருந்தே, நடுங்கிக்கொண்டே, மறுபடியும் குரைத்தான். மறுபடியும் ஷாக்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன்டா குரைக்கிற? யாருக்காகடா?

அம்மா துணி வெட்டுகிற பெரிய கத்தரியை எடுத்தாள். குனிந்து பட்டையை வெட்டினாள். வெட்டின பட்டையை என் கையில் வைத்துவிட்டுத் தரையைத் துடைக்கப் போனாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 16, திங்கள்

நான் வந்தபோது கதவருகில் வரவில்லை. தூரத்தில் நின்று வாலை ஆட்டினான். அதைத் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 18, புதன்

ஒரு பெரிய வீட்டுக்குப் பார்சல். உள்ளே புல்தரையில் ஒருத்தர் நாய்க்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் விசில். நாய் என்னைவிடச் சுத்தமாகக் குளித்திருந்தது. நான் உள்ளே நுழைந்தேன், அது குரைக்கவில்லை. அவர் ஒரு விரலைத்தான் உயர்த்தியிருந்தார்.

கையெழுத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் வெட்கத்தை விட்டு அவரிடம் கேட்டேன். எல்லாம் சொன்னேன், பட்டையைத் தவிர. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "குரைச்ச உடனே அதுக்கு என்ன கிடைக்குது?"

"ஒண்ணும் கிடைக்கல. திட்டுதான்."

"நாய் சும்மா வேலை பாக்காதும்மா. யாரோ சம்பளம் குடுக்குறாங்க. யாருன்னு மொதல்ல பாரு."

பிப்ரவரி 19, வியாழன்

யாரென்று பார்த்துவிட்டேன்.

மதியம் இரண்டு பார்சலுக்கு நடுவில் வீட்டுக்கு வந்தேன். சத்தமில்லாமல் படியேறி, கதவைத் தட்டிவிட்டு, நடைபாதைப் பக்கத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஆபீசர் குரைத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினான். அவள் முழங்காலுக்கு முன்னால் நின்று இன்னும் சத்தமாகக் குரைத்தான். அம்மா மெஷினை நிறுத்தினாள். பாபின் வைக்கிற தகர டப்பாவைத் திறந்தாள். ஒரு துண்டு ரஸ்க். அவன் வாயில் வைத்துத் தலையைத் தடவினாள். பிறகுதான் கதவைத் திறக்க எழுந்தாள்.

அம்மாவே! வீட்டுக்குள்ளேயே! நான் நாற்பது நாற்பது தடவை தட்டி, நர்ஸிடம் தலைகுனிந்து, அவன் கழுத்தில் அந்தப் பாவத்தைக் கட்டி - இங்கே ரஸ்க்!

என்ன கத்தினேன் என்று முழுசாக ஞாபகமில்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னத் துண்டுதாண்டி. எப்பவும் குடுக்குறதுதான். அவன் கொஞ்சம் குரைச்சா என்ன குடி முழுகிடும்?"

"வீடு முழுகிடும்மா. இந்த வீடு போனா எங்க போவ? தையல் மெஷினத் தலையில வெச்சுக்கிட்டு ரோட்டுல நிப்பியா?"

டப்பாவைப் பிடுங்கினேன். ரஸ்க்கை எல்லாம் குப்பையில் கொட்டினேன். அம்மா கதவைப் பார்த்தாள். பிறகு, "கதவத் தொறந்தே வெச்சுக்கலாமா, பகல்ல?" என்று கேட்டாள். நாய் வெளியே ஓடினால் அதற்குத் தனியாக ஒரு கடிதம் வரும் என்றேன்.

"சரி" என்றாள். இனிமேல் கொடுக்க மாட்டேன் என்று சொன்னாள். அம்மா சொன்னால் செய்வாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

விசில்காரர் தெய்வம். சம்பளம் நின்ற மூன்றே நாளில் வேலை குறைந்துவிட்டது. டவர் முப்பது தடவை தட்டினான். பதினொரு தடவைதான் குரைத்தான். மற்றதற்கெல்லாம் புதுச் சாக்கில் உட்கார்ந்து என் கையைப் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் கோழித் துண்டு.

நான் இல்லாத நேரத்திலும் சாக்கில் உட்கார்ந்தால் மட்டும் துண்டு போடச் சொல்லி அம்மாவிடம் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

முப்பதுக்கு மூன்று.

அம்மாவுக்குக் கழுத்து வலி. தைலம் தேய்த்துவிட்டேன். மெஷினில் உட்கார்ந்துகொண்டு ஒரு தையலுக்கு ஒருமுறை திரும்பிக் கதவைப் பார்க்கிறாளாம். ஏன் என்றால் "சும்மாதான்" என்கிறாள். மெஷினைக் கதவைப் பார்த்துப் போடலாமே என்றால், ஜன்னல் வெளிச்சம் ஊசிமேல் விழாது என்கிறாள்.

சுவரில் இருக்கிற கடிகாரம் மணி அடிப்பதை நிறுத்திவிட்டது. அம்மாவோடு பத்தொன்பது வருஷம் தறி ஓட்டிய பெண்களுக்கெல்லாம் மில் மூடின அன்று ஆளுக்கொன்றாகக் கொடுத்த கடிகாரம். அதுதான் அவர்கள் கொடுத்த எல்லாமும். எத்தனை நாளாக அடிக்கவில்லை என்று கேட்டேன். "அடிக்கலையா?" என்றாள்.

பிப்ரவரி 26, வியாழன்

முப்பதுக்குப் பூஜ்யம்.

டவர் கதவுக்கு வெளியே சந்தோஷத்தில் குதித்தான். நர்ஸ் படியில் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். நேற்று ஐந்து மணி நேரம் தூங்கினாளாம். என் வாழ்க்கையில் நான் செய்து முடித்த ஒரே காரியம் இது என்று தோன்றியது.

பிப்ரவரி 28, சனி

பள்ளிச் சீருடை மொத்தமாகக் கொடுக்கிற அந்த அம்மாளைக் கடைத்தெருவில் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேற்றும் முந்தாநாளும் வந்தாளாம். பத்து நிமிஷம் தட்டினாளாம். "உள்ள மெஷின் ஓடுற சத்தம் கேக்குது. இருந்துக்கிட்டே தொறக்க மாட்டேன்னா என்ன அர்த்தம்? வேற ஆள்கிட்ட குடுத்துட்டேன்."

அம்மாவிடம் கேட்டேன். "வந்திருக்க மாட்டா. பொய் சொல்றா" என்றாள். கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் பேசி நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 2, திங்கள்

மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு நர்ஸின் போன். "உங்க பாத்ரூம்லேர்ந்து தண்ணி என் கூரை வழியா கொட்டுது. அரை மணி நேரமா தட்டுறேன், நடைபாதை ஜன்னலும் சாத்தியிருக்கு. உங்கம்மாவுக்கு ஏதோ ஆயிடுச்சு போல. நாய் சத்தமும் இல்ல. சீக்கிரம் வாங்க."

மீதி பார்சலை டவரின் வண்டியில் போட்டுவிட்டு வந்தேன். எத்தனை சிக்னல் தாண்டினேன், தெரியாது. நாய் சத்தமும் இல்ல, நாய் சத்தமும் இல்ல - அதுதான் மண்டைக்குள். அவன் குரைக்கக் கூடாது என்று வேண்டாத தெய்வம் இல்லை. இப்போது குரைடா குரைடா என்று சொல்லிக்கொண்டே படியேறினேன்.

நர்ஸ் ஈரத் தலையோடு வாசலில் நின்றிருந்தாள். தட்டித் தட்டி விரல் முட்டி சிவந்திருந்தது. சாவியைப் போட்டுத் திறந்தேன்.

ஆபீசர் சாக்கில் உட்கார்ந்திருந்தான். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. உடம்பு முழுக்க நடுங்குகிறது. வாயிலிருந்து எச்சில் வழிந்து சாக்கு நனைந்திருக்கிறது. பின்னாலிருந்து தண்ணீரும் வந்து சாக்கை நனைத்திருக்கிறது. என்னைப் பார்க்கிறான், அம்மாவைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். குரைக்கவில்லை.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பித் தைத்துக்கொண்டிருந்தாள். சௌக்கியமாக. தலையை லேசாக ஆட்டிக்கொண்டு. பாத்ரூம் குழாய் முழு வேகத்தில் கொட்டுகிறது. காலையில் தண்ணீர் இல்லாதபோது திறந்துவைத்ததை மூட மறந்திருக்கிறாள். அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்கும்.

அம்மா என்றேன். அம்மா. கத்தினேன். நர்ஸ் என் கையைப் பிடித்தாள். "கத்தாதீங்க" என்றாள் மெதுவாக. அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்தான். ஆனாலும் இன்னொரு தடவை, அம்மாவின் முதுகுக்கு ஒரு முழம் பின்னால் நின்று, நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரி அம்மாவென்று கத்தினேன்.

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

மார்ச் 3, செவ்வாய்

நேற்று அம்மா பேசவில்லை. இன்று காலை வேலைக்குப் போகாமல் எதிரில் உட்கார்ந்துகொண்டேன். முகத்தைப் பார்த்து.

வலது காது மில்லில் இருக்கும்போதே போயிருக்கிறது. இடது காது கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு வருஷத்தில். தறி ஓடும்போது அங்கே யாருக்குமே எதுவும் கேட்காதாம். எல்லாரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அதே பழக்கத்தில் என்னையும் ஊரையும் சமாளித்திருக்கிறாள். போனை எடுக்காமல் மெசேஜ் மட்டும் பார்ப்பது, மூஞ்சியப் பாத்துப் பேசு என்பது, எல்லாம். கதவுக்கு மட்டும் உதடு கிடையாதே. அதற்கு ஆபீசர்.

நாயை யாரும் பழக்கவில்லை. தட்டினால் குட்டியிலிருந்தே குரைத்தான். அம்மா நன்றியாக ஒரு துண்டு கொடுத்தாள். அடுத்த தடவை அவளிடம் ஓடிவந்து குரைத்தான். குரைப்பு காதில் விழாமல் போனபோது முழங்காலுக்கு முன்னால் வந்து நின்று, அவள் பார்க்கும்வரை குரைத்தான். ஒவ்வொன்றுக்கும் ரஸ்க். ஆக அவன் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நேர்மையாக, சம்பளத்துக்கு, லீவு இல்லாமல். அவனை நோட்டீஸ்கூடக் கொடுக்காமல் வேலையை விட்டுத் தூக்கியது நான்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னவள என்ன பண்ணாங்கன்னு பாத்திருக்கேன். எங்க வரிசையில ஒருத்தி காது கேக்கலன்னு சொன்னா. மறுநாளே அனுப்பிட்டாங்க. அன்னிலேர்ந்து யாரும் வாயத் தொறக்கல."

"நான் என்ன மில்லா?"

என் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீ வேலைய விட்டுட்டு என் பக்கத்துல உக்காந்துடுவ. அதான்."

அம்பது பேர் ஒரு கொட்டகைக்குள். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சுகூடத் தரவில்லை. கடிகாரம் தந்தார்கள். அடிக்கிற கடிகாரம்.

நாலு வருஷமாக இதே அறையில் சாப்பிட்டு, இதே அறையில் தூங்கி, எனக்குத் தெரியவில்லை. ஒரு நாய்க்குத் தெரிந்திருக்கிறது.

மார்ச் 4, புதன்

நாலு நாள்.

குரைத்தால் வீடு போகும். குரைக்காவிட்டால் அம்மா சுவருக்குள் வைத்துப் பூசினமாதிரி இருப்பாள். தட்டினால் விளக்கு எரிகிற மணி கிடைக்கிறதாம். வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கவே விடுவதில்லை. விட்டாலும், ஊசியைப் பார்த்துக் குனிந்திருக்கிறவள் விளக்கையா பார்ப்பாள்?

வேறு வீடு தேடி மூன்று இடத்துக்குப் போனேன். நாயா? தையல் தொழிலா? ரெண்டு பொம்பளைங்க மட்டுமா? ஒவ்வொருத்தரும் ஒவ்வொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். காதைப் பற்றி நானும் வாயைத் திறக்கவில்லை. மூன்று இடத்திலும் மறைத்தேன். அம்மா மகள்தானே.

மார்ச் 5, வியாழன்

கூரைக் கறையைப் பற்றிப் பேச நர்ஸ் மேலே வந்தாள். சண்டைக்கு என்று நினைத்தேன். அம்மாவுக்கு நேர் எதிரில், வெளிச்சத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு ரொம்பத் திமிருன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். "படியில பின்னாடியே வந்து கூப்பிடுவேன். திரும்பிக்கூடப் பாக்க மாட்டீங்க."

அம்மா சிரித்துவிட்டாள். "இருக்கட்டும். திமிருன்னே நெனச்சுக்கோ. அது கவுரவமா இருக்கு."

நானும் சிரித்தேன், இந்த வாரத்தில் முதல் தடவையாக. பிறகு அழுதேன். நர்ஸ் சங்கத்திடம் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னாளாம். பதிவேட்டில் ஏறிவிட்டது, இனி சோதனை நடந்தே தீரும் என்று செயலாளர் சொல்லிவிட்டாராம்.

அப்போது அம்மாதான் கேட்டாள். "மில்லுல ஒருத்திய எப்படிக் கூப்பிடுவோம் தெரியுமா? கத்தி என்ன புண்ணியம்? பக்கத்துல போய்த் தோள்ல ஒரு தட்டு. அவ்வளவுதான். தீப்பிடிச்சாலும் அதான். இவனுக்குத் தோள் எட்டாது. முழங்கால் எட்டும்ல?"

நானும் நர்ஸும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

"நான்தான ஆரம்பிச்சு வெச்சேன்" என்றாள் நர்ஸ். "நானே தட்டுறேன்."

மார்ச் 6, வெள்ளி

சாக்கை எடுத்துவிட்டேன். ரஸ்க் டப்பாவுக்குத் திரும்பிவிட்டது. அம்மா ரஸ்க்கைக் கைக்குள் மறைத்து முழங்காலோடு சேர்த்துப் பிடித்தாள். நர்ஸ் தட்டினாள். ஆபீசர் சாக்கு இருந்த இடத்தில் போய் உட்கார்ந்து வெறுந்தரையைப் பார்த்தான். பாவம், மூன்று வாரத்தில் மூன்று முதலாளி, மூன்று சட்டம்.

இரண்டு மணி நேரம். நாலு தடவை மூக்கு முழங்காலில் பட்டது. அதில் மூன்று தற்செயல்.

மார்ச் 7, சனி

முப்பத்தொரு தட்டு. பத்தொன்பது முழங்கால். ஏழு தடவை சும்மா உட்கார்ந்தான். ஐந்து குரைப்பு. நர்ஸ் ஷிஃப்டு முடிந்து தூங்காமல் வந்து தட்டினாள். அவளைத் தூங்கவிட ஆரம்பித்த வேலை இது.

நாளைக்கு என்ன ஆகுமோ. அந்த ஐந்தில் ஒன்று நாளைக்கு வந்தால்?

மார்ச் 8, ஞாயிறு

பத்து மணிக்குச் செயலாளர் வந்தார். நோட்டுப் புத்தகம், இரண்டு உறுப்பினர்கள். புகார்தாரர் என்ற முறையில் நர்ஸும். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார், உள்ளிருந்து நாயின் வாயைப் பொத்திவிடுவேனாம்.

தட்டினார். போலீஸ் தட்டுகிற மாதிரி.

ஒன்றுமில்லை. பிறகு நகம் தரையில் உரசுகிற சத்தம். பிறகு - "உஃப்" என்று ஒன்று. குரைப்பென்று சொல்ல முடியாது. இல்லையென்றும் சொல்ல முடியாது. அடக்கி அடக்கி மூக்கு வழியாக வந்தது.

செயலாளர் பேனாவைத் திறந்தார். "அது என்ன?"

"தும்மல் சார்" என்றாள் நர்ஸ். முகத்தில் ஒரு அசைவு இல்லை. "பதினெட்டு வருஷமா ஆஸ்பத்திரியில இருக்கேன். தும்மல் எனக்குத் தெரியாதா?"

அம்மா கதவைத் திறந்தாள். காலருகில் ஆபீசர், வாயில் ரஸ்க். செயலாளர் அவனைப் பார்த்தார், அறையைப் பார்த்தார். ஏமாந்து போனவர் மாதிரி சுவரெல்லாம் பார்த்தார். கடைசியில் கண் மெஷினில் நின்றது. குடியிருப்பில் தொழில் நடத்துவது பற்றியும் விதி இருக்கிறது, அந்தச் சத்தத்தைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்றார்.

"அந்தச் சத்தம் எனக்கு வேணும்" என்றாள் நர்ஸ். "அது கேட்டாத்தான் தூக்கம் வருது."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். இன்னொரு கடிதம் வரும். வரட்டும். பசையைச் சுரண்டக் கத்தி இருக்கிறது.

மார்ச் 19, வியாழன்

அறுபத்திரண்டு பார்சல். நாய் பதினொன்று. ஒன்று என் கால்சட்டையைக் கிழித்துவிட்டது. ஒண்ணும் பண்ணாது என்றார்கள்.

நர்ஸ் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் காதுப் பரிசோதனை, அடுத்த மாதம். வலதில் ஒன்றும் செய்வதற்கில்லையாம், இடதில் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். இவ்வளவு தாமதமாகவா வருவது என்று கேட்பார்கள். என்னைத்தான் கேட்க வேண்டும்.

வாசலுக்கு வந்த பிறகுதான் சாவி கிடங்கிலேயே இருக்கிறது என்று தெரிந்தது. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கதவில் இன்னும் அந்தப் பசைத் தடம். என் வீட்டுக் கதவை நானே தட்டினேன். மெதுவாக, விரல் முட்டியால், இரண்டே தட்டு.

சத்தமில்லை. நின்றேன். நகம் தரையில் உரசிக்கொண்டு கதவை விட்டு விலகிப் போயிற்று.

மெஷின் நின்றது.